மூன்று பேரரசர்களும் ஒரு வாத்தும்

விருந்து போட்டால் பகை தீருமா? பாரிஸில் 1867-ல் நடந்த ஒரு சாப்பாடு சொல்லும் கதை.

லா தூர் தார்ஜான் என்றால் வெள்ளிக் கோபுரம். பாரிஸில் ஸேன் நதிக்கரைக் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் இருக்கும் உணவகம் அது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் நோத்ர தாம் தேவாலயத்தின் முதுகுப்புறம் தெரியும். கல்யாண நாள், அறுபதாவது பிறந்த நாள், மகன் வக்கீலான நாள் என்று ஏதாவது ஒரு காரணம் வைத்து, வாழ்க்கையில் ஒரு முறையாவது போய்விட வேண்டும் என்று பிரெஞ்சுக் குடும்பங்கள் காசு சேர்த்து வைக்கும் ரகத்தைச் சேர்ந்தது.

இந்த உணவகத்தின் கீழ்த்தளத்தில், யாரும் உட்காராத ஒரு மேஜை நீண்ட காலமாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. தட்டு, கோப்பை, கத்தி, முள்கரண்டி எல்லாம் ஒழுங்காக அடுக்கிய மேஜை. விருந்தாளிகள் இதோ வந்துவிடுவார்கள் என்பது போல இருக்கும். அவர்கள் 1867 ஜூன் 7-ம் தேதி இரவே சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

விருந்து நடந்தது தூர் தார்ஜானில் அல்ல. அந்நாளில் பாரிஸின் பெரிய மனிதர்கள் கூடிய கஃபே ஆங்லேயில். அந்த வருடம் பாரிஸில் உலகக் கண்காட்சி. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், தன் தலைநகரின் பகட்டைக் காட்ட ஐரோப்பாவின் முடிசூடிகளை எல்லாம் வரவழைத்திருந்தார். அன்றிரவு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்: ரஷ்யாவின் ஜார் இரண்டாம் அலெக்ஸாந்தர், பின்னால் மூன்றாம் அலெக்ஸாந்தர் ஆகவிருந்த அவருடைய மகன், பிரஷ்யாவின் மன்னர் வில்ஹெல்ம். கூடவே பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்.

சரித்திரத்தில் இதற்கு ‘மூன்று பேரரசர் விருந்து’ என்று பெயர். உண்மையில் அன்று பேரரசர் ஒருவர்தான். ஒருவர் இளவரசர், இன்னொருவர் வெறும் மன்னர். அந்த மன்னர் பேரரசரான கதைதான் விருந்தைவிடக் காரசாரமானது.

சமையல், அடோல்ஃப் துக்ளேரே. இரண்டு வகை சூப்பில் ஆரம்பித்து, மீன், ஆட்டுக்கறி, கோழி, சூடான காடைப் பணியாரம், கடல் நண்டு என்று வரிசையாக வந்தது. நடுவே நாக்கைக் குளிர வைக்க ஷாம்பேன் ஐஸ். பிறகு ரூவான் பாணி வாத்து, தண்ணீர்விட்டான் தண்டு, கத்திரிக்காய், கடைசியில் ஐஸ்கிரீம். எட்டு மணி நேரம் சாப்பிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. தலைக்கு 400 பிராங்க் ஆயிற்றாம். பாரிஸ் தொழிலாளிக்கு அப்போது தினக்கூலி சுமார் ஐந்து பிராங்க். அவர் 80 நாள் உழைத்திருந்தால் அந்த மேஜையில் ஒரு நாற்காலி வாங்கியிருக்கலாம்.

ஒயின் பட்டியலில் முதலில் இருந்தது 1810-ம் வருடத்து மதேரா. அதன் பட்டப் பெயர் ‘இந்தியாவிலிருந்து திரும்பியது’. மதேரா தீவில் பிழிந்த ஒயினைப் பீப்பாயோடு கப்பலேற்றி இந்தியா வரை அனுப்பி, விற்காமல் அப்படியே திரும்பக் கொண்டுவருவார்கள். வெப்ப மண்டலக் கடலில் மாதக்கணக்கில் சூடேறி, ஆடி அசைந்து வந்தால் ருசி கூடும் என்பது அனுபவம். இந்தியாவைப் பார்க்காமலே திரும்பிவந்த அந்தப் பீப்பாய்க்குப் பேரரசர் விருந்தில் முதல் மரியாதை.

நடுநிசி தாண்டிய பிறகு ஜார் ஒரு குறை சொன்னார் என்று உணவகத்தார் பரம்பரையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. வாத்துக் கல்லீரலில் செய்யும் ‘ஃபுவா க்ரா’ ஏன் இல்லை என்று அவர் கேட்டாராம். ஜூன் மாதத்தில் அதைச் சாப்பிடும் வழக்கம் இல்லை, அக்டோபர் வரை பொறுத்தால் வருத்தப்பட மாட்டீர்கள் என்று பதில் சொன்னாராம் உணவகத்தின் கிளாடியஸ் பர்டெல். சொன்னபடி அக்டோபரில் அனுப்பியும் வைத்தாராம். கதை எவ்வளவு நிஜமோ, பிரெஞ்சு உணவகத்தின் குணம் அதில் இருக்கிறது. ஜார் கேட்டாலும் பருவம் தப்பிய பண்டம் மேஜைக்கு வராது.

அந்த ஜாரை முந்தின நாள்தான் பாரிஸில் ஒரு போலந்து இளைஞர் துப்பாக்கியால் சுட்டிருந்தார். குறி தப்பியது. உயிர் பிழைத்த மறுநாள் விருந்து என்பதால் ஷாம்பேன் இன்னும் ருசித்திருக்கும். 1881-ல் இன்னொருவர் வீசிய குண்டு தப்பவில்லை.

உண்ட வீட்டுக்கு

விருந்து முடிந்து மூன்று வருடம் ஒரு மாதம். 1870 ஜூலையில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. விருந்தாளிகளை அழைத்த மூன்றாம் நெப்போலியன் செப்டம்பர் தொடக்கத்தில் ஸெடானில் சிறைப்பட்டார். செப்டம்பர் 19-ம் தேதி பிரஷ்யப் படை பாரிஸைச் சுற்றி வளைத்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பதை பிஸ்மார்க் அளவுக்குக் கச்சிதமாகச் செய்தவர்கள் குறைவு. கஃபே ஆங்லேயில் சாப்பிட்ட மனிதர், இப்போது அதே ஊருக்கு ஒரு மூட்டை மாவு போகாமல் பார்த்துக்கொண்டார்.

பாரிஸ் முதலில் குதிரையைத் தின்றது. பிறகு நாய், பூனை, எலி. அதன் பிறகு மிருகக்காட்சி சாலையின் கதவு திறந்தது. 1870 கிறிஸ்துமஸ் அன்று, வுவாசான் என்ற புகழ்பெற்ற உணவகத்தில் சமையல்காரர் ஷோரோன் தயாரித்த பட்டியல் இன்றும் சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். தலைப்பில் ‘முற்றுகையின் 99-வது நாள்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அடைத்த கழுதைத் தலை, யானை சூப், ஆங்கிலேய பாணியில் வறுத்த ஒட்டகம், கங்காரு குழம்பு, மிளகுச் சாறில் கரடி விலா, ஓநாய்த் தொடை, எலிகள் புடைசூழ ஒரு பூனை. கூடக் குடிக்க முதல்தரமான பழைய ஒயின்கள். மாவு தீர்ந்துபோன ஊரில் நிலவறை மட்டும் நிறைந்திருந்தது.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. எலியைத் தின்ன வேண்டிய நிலை வந்தாலும் மேஜை விரிப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். பட்டியல் அச்சிட வேண்டும். சூப்புக்குப் பிறகுதான் மாமிசம் வர வேண்டும். தோற்ற ஊர் தான் இன்னும் தோற்கவில்லை என்று சொல்லிக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அது. தட்டில் அதைப் பார்க்கவாவது முடிந்தவர்கள் காசுள்ளவர்கள் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரொட்டிக்கு வரிசையில் நின்ற பெண்களுக்கு அச்சிட்ட பட்டியல் கிடையாது.

1871 ஜனவரி 18. பாரிஸ் பட்டினி கிடக்க, பக்கத்து வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் வில்ஹெல்ம் ஜெர்மனியின் பேரரசராகப் பிரகடனம் செய்யப்பட்டார். மூன்று பேரரசர் விருந்தின் கணக்கு ஒரு வழியாக நேராகத் தொடங்கியது.

பத்தாயிரம் பிராங்க்

முற்றுகை முடிந்ததும் பாரிஸ் உழைப்பாளிகள் எழுந்தார்கள். 1871 மார்ச் முதல் மே வரை இருந்த பாரிஸ் கம்யூனை பிரெஞ்சு ராணுவமே ரத்தத்தில் நனைத்து அணைத்தது. அங்கிருந்து தப்பி வடக்கே ஓடிய ஒரு கற்பனைப் பெண், கஃபே ஆங்லேயை உலகம் முழுக்கத் தெரிய வைத்தாள்.

அவள் பெயர் பபெத். டென்மார்க் எழுத்தாளர் கேரன் பிளிக்ஸன் எழுதிய கதை. 1987-ல் கேப்ரியல் ஆக்ஸல் அதைப் படமாக்கினார். வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தது. குடும்பத்தைக் கம்யூனில் பறிகொடுத்த பபெத், ஒரு குக்கிராமத்தில் இரண்டு முதிர்கன்னிச் சகோதரிகள் வீட்டில் கருவாடும் ரொட்டிக் கூழும் காய்ச்சியபடி வருடங்களை ஓட்டுகிறாள். லாட்டரியில் 10,000 பிராங்க் விழுகிறது. ஊர் திரும்புவாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சகோதரிகளின் தந்தையான மறைந்த பாதிரியாருக்கு நூறாவது பிறந்த நாள் வருகிறது. அன்று தானே ஒரு பிரெஞ்சு விருந்து சமைக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறாள்.

பக்திமான்களான கிராமத்தவர்களுக்கு ருசி என்றாலே பாவம். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். ஆமை சூப் வருகிறது, காடை வருகிறது, பழைய ஒயின் வருகிறது. வருடக்கணக்கில் ஒருவரை ஒருவர் ஏமாற்றிய கணக்கை மனதில் வைத்திருந்தவர்கள், காரணம் தெரியாமலே இளகி மன்னித்துக்கொள்கிறார்கள். என்ன தின்றோம் என்று அடையாளம் தெரிந்தவர் விருந்தில் ஒரே ஒருவர்: ஒரு காலத்தில் பாரிஸில் இருந்த ராணுவ அதிகாரி. இரவு முடிந்த பிறகுதான் பபெத் சொல்கிறாள், கஃபே ஆங்லேயின் தலைமைச் சமையல்காரி தான்தான் என்று. பணம்? கஃபே ஆங்லேயில் 12 பேருக்கு விருந்து என்றால் 10,000 பிராங்க். லாட்டரிப் பணம் முழுக்க அந்த ஒரு மேஜையில் கரைந்துவிட்டது.

நிஜத்தில் நடந்த விருந்து ஒரு போரையும் தள்ளிப் போடவில்லை. கதையில் நடந்த விருந்து ஒரு கிராமத்தையே சமாதானப்படுத்தியது. வித்தியாசம் சமையலில் இல்லை. முதல் மேஜையில் இருந்தவர்கள் தாங்கள் யார் என்பதைக் காட்ட உட்கார்ந்தார்கள். இரண்டாவது மேஜையில் சமைத்தவள், தன்னிடம் இருந்த அத்தனையையும் கொடுத்தாள்.

நம்பர் போட்ட வாத்து

கஃபே ஆங்லே 1913-ல் மூடப்பட்டது. அதற்குள் தூர் தார்ஜான் உரிமையாளர் ஆந்த்ரே தெராய், பர்டெலின் மகளை மணந்திருந்தார். அந்த உறவு வழியாகத்தான் கஃபே ஆங்லேயின் சீதனங்கள் ஸேன் நதிக்கரைக்கு வந்து சேர்ந்தன.

தூர் தார்ஜானுக்கு அதற்கு முன்பே தனிப் புகழ் இருந்தது. காரணம் ஃப்ரெடரிக் டெலேர் என்ற முன்னாள் உரிமையாளர். மூக்குக் கண்ணாடியும் தொங்கு மீசையுமாக அவர் வாத்தை மேஜை அருகே நின்றே அறுத்துப் பரிமாறுவதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. ரத்தம் வெளியேறாமல் கொன்ற வாத்தைப் பாதி வேக்காட்டில் எடுத்து, நெஞ்சுச் சதையை மெல்லிய துண்டுகளாக அரிந்து, மிச்சமுள்ள எலும்புக்கூட்டை வெள்ளி அழுத்துயந்திரத்தில் வைத்துத் திருகுவார்கள். வடியும் ரத்தமும் சாறும் ஈரலும் கோன்யாக்கும் சேர்ந்து குழம்பாகும். அதில்தான் சதை மறுபடி வேகும். சைவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.

1890-ல் டெலேருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒவ்வொரு வாத்துக்கும் நம்பர் போட்டு, சாப்பிட்டவர் கையில் அந்த நம்பர் அட்டையைக் கொடுப்பது. பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய பிரிட்டிஷ் இளவரசருக்குக் கிடைத்தது 328. ஜப்பான் பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோவுக்கு 1921-ல் 53,211. இளவரசி எலிசபெத்துக்கு 1948-ல் 1,85,397. பத்து லட்சமாவது வாத்து 2003-ல் பரிமாறப்பட்டது.

வியாபார தந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பேரேட்டில் ஓர் அழகு இருக்கிறது. இளவரசருக்கு அடுத்த எண் யாரோ ஒரு மளிகைக் கடைக்காரருக்குப் போயிருக்கும். அவருடைய வெள்ளி விழா மண நாளாக அது இருந்திருக்கலாம். 328-க்குப் பிறகு 329 என்பதை எந்த அரண்மனை நெறிமுறையும் மாற்ற முடியாது. தலைமுறைகள் கடந்தும் குடும்பங்கள் அந்த அட்டையைப் பத்திரப்படுத்துகின்றன.

ஜெர்மானியர்கள் மறுபடியும் வந்தார்கள். 1940 ஜூனில் அவர்கள் பாரிஸுக்குள் நுழையுமுன் தூர் தார்ஜானின் சிறந்த ஒயின்களை நிலவறையில் செங்கல் சுவர் எழுப்பி மறைத்துவிட்டார்கள். முதல் முறை பந்தி போட்டு ஏமாந்த பரம்பரை, இந்த முறை உஷாராக இருந்தது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான பாட்டில்கள், எட்டு கிலோ எடையுள்ள ஒயின் பட்டியல் என்று பெருகிய அந்த நிலவறையிலிருந்து 18,000 பாட்டில்களை 2009-ல் ஏலம் விட்டார்கள்.

திரைக்குப் பின்னால்

முதல் முறை போகிறவருக்கு இத்தகைய உணவகம் பரீட்சை ஹால் மாதிரி. எந்தக் கத்தி எதற்கு? வெளியிலிருந்து உள்ளே என்ற ஒரே விதி தெரிந்தால் போதும். தமிழ்நாட்டுக் கல்யாணப் பந்தியில் உப்பு முதல் பாயசம் வரை எல்லாம் ஒரே இலையில் கண்முன் இருக்கும். பிரெஞ்சுப் பந்தியும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. எல்லாப் பாத்திரங்களும் ஒன்றாக மேஜைக்கு வரும். ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறை 19-ம் நூற்றாண்டில் ரஷ்யாவிலிருந்து வந்தது. உலகம் ‘பிரெஞ்சு முறை’ என்று பயந்து மரியாதை செய்வது, உண்மையில் ஜாரின் ஊர் வழக்கம்.

பழைய உணவகங்களில் இன்னொரு சம்பிரதாயமும் இருந்தது. அழைத்து வந்தவர் கையில் விலை போட்ட பட்டியல், கூட வந்த பெண்மணி கையில் விலை போடாத பட்டியல். விருந்தாளி விலை பார்த்துக் கூச்சப்படக் கூடாது என்ற நாகரிகம் ஒரு பக்கம். பெண் பணம் கொடுக்க மாட்டாள் என்ற தீர்மானம் மறு பக்கம். பில்லில் சேவைக் கட்டணம் 15 சதவீதம் ஏற்கெனவே அடக்கம். தட்டில் தனியாக டிப்ஸ் வைக்காவிட்டால் மானம் போகாது.

அந்த மௌனமான கூடத்துக்குப் பின்னால் ஒரு படையே இயங்குகிறது. குழம்புக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று சமையலறையைப் பிரித்து ஒழுங்கு செய்தவர் ஓகுஸ்த் எஸ்காஃபியே. 1870 போரில் ராணுவத்துக்குச் சமைத்தவர் அவர். அதனால்தானோ என்னவோ, பிரெஞ்சு சமையலறைக்கு ‘பிரிகேட்’ என்று பட்டாளத்துப் பெயர்.

படை என்றால் பலியும் உண்டு. மிஷலின் என்ற டயர் கம்பெனி கார்க்காரர்களுக்காக 1900-ல் வெளியிட்ட கையேடு, 1926 முதல் உணவகங்களுக்கு நட்சத்திரம் போடத் தொடங்கியது. மூன்று நட்சத்திரம் என்றால் அந்த உணவகத்துக்காகவே பயணம் செய்யலாம் என்று அர்த்தம். பர்கண்டி பகுதியில் சோலியூ என்ற சிற்றூரில் இருந்த பெர்னார் லுவாஸோ, 1991-ல் மூன்றாவது நட்சத்திரத்தைப் பெற்றவர். 2003-ல் இன்னொரு கையேடான கோ மில்லோ, அவருடைய மதிப்பெண்ணை 19-லிருந்து 17 ஆகக் குறைத்தது. மிஷலின் நட்சத்திரமும் போகும் என்று வதந்தி. பிப்ரவரி 24 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 52. நட்சத்திரம் அப்போது போகவில்லை.

மேஜையில் கொண்டாட்டமாக உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை. தூர் தார்ஜானும் 1996-ல் மூன்றாவது நட்சத்திரத்தையும் 2006-ல் இரண்டாவதையும் இழந்தது. வாத்துகளின் எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை. 2005-ல் ஆலன் ஸாந்தரான்ஸ் என்ற மூத்த சமையல்காரர், மூன்று நட்சத்திரமும் வேண்டாம் என்று கழற்றி வைத்துவிட்டு, அதே பாரிஸ் கூடத்தில் விலையைக் குறைத்துப் பரிமாறினார்.

2010-ல் யுனெஸ்கோ, ‘பிரெஞ்சு மக்களின் விருந்துச் சாப்பாடு’ என்பதை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. செய்தி வந்ததும், பிரெஞ்சு உணவகங்களுக்குக் கிடைத்த கிரீடம் என்று பலர் நினைத்தார்கள். யுனெஸ்கோ கௌரவித்தது வேறு. பிறப்பு, கல்யாணம், பிறந்த நாள், வெற்றி என்று வாழ்க்கையின் முக்கியமான தருணங்களில் சொந்தமும் நட்பும் ஒரே மேஜையில் கூடி, பண்டம் தேடி வாங்கி, முறைப்படி பரிமாறிச் சாப்பிடும் வழக்கத்தை. முதல் பானம், தொடக்கத் தட்டு, மீனோ மாமிசமோ காய்கறியுடன், பாலாடைக்கட்டி, இனிப்பு. இதில் வெள்ளி அழுத்துயந்திரம் கட்டாயமில்லை. பாட்டி வீட்டுச் சாப்பாட்டு அறையிலும் இது நடக்கும்.

காசு குறைந்தவர்களுக்கும் பாரிஸ் இடம் வைத்திருக்கிறது. 1896-ல் திறந்த பூய்யோன் சார்த்தியேயில் மேஜை விரிப்பு காகிதம். பரிமாறுகிறவர் பில்லை அதன் மேலேயே கூட்டிப் போடுவார். முன்பின் தெரியாதவர் அருகில் உட்கார வேண்டி வரலாம். அங்கேயும் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள்.

மரக்கறி தவிர வேறு தொடாத இந்தியர்கள் பிரெஞ்சு விருந்து என்றாலே பின்வாங்குவது வழக்கம். அவர்களுக்கும் இப்போது ஓர் இலை விழுந்திருக்கிறது. பாரிஸில் லார்பேஜ் உணவகம் நடத்தும் ஆலன் பஸார், மூன்று நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே 2001-ல் சிவப்பு மாமிசத்தை நிறுத்தினார். தனக்கென்று தோட்டம் போட்டுக் காய்கறி விளைவித்தார். பைத்தியக்காரத்தனம் என்றார்கள், நட்சத்திரம் போகவில்லை. 2025-ல் தன் தேனீக்களின் தேன் தவிர, விலங்கிலிருந்து வரும் எல்லாவற்றையும் மேஜையிலிருந்து எடுத்துவிட்டார். விலை மட்டும் இன்னும் பேரரசர்களுக்கானதுதான்.

அந்த விலையைக் கொடுப்பதா என்பது அவரவர் பை சொல்லும் பதில். ஆனால் யாரோடு போகிறோம் என்பதை யோசித்துவிட்டுப் போவது நல்லது. எட்டு வகை ஒயினும் துக்ளேரேயின் கைப்பக்குவமும் சேர்ந்தும் பிஸ்மார்க்கின் மனதை மாற்ற முடியவில்லை. இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவரை எதிரே உட்கார வைத்துவிட்டால், காகித விரிப்பின் மேலும் அது விருந்துதான்.